நான்காவது ஆணி

நான்காவது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஓர் அட்டையைக் கழற்றி ஐந்தாவது ஆணியில் மாட்டினேன். ஐந்தாவதில் இருந்ததை எடுத்து நான்காவதில் மாட்டினேன். நான் செய்த தவறில் வெளியே தெரிந்த பகுதி இதுதான். அரை நிமிட வேலை. அதற்காக, ஒரு நண்பர் என்னை நம்பிச் சொன்ன விஷயத்தை அவருக்கு எதிராகவே பயன்படுத்தினேன். பழி வேறொருவன் தலையில் விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் திறக்கவில்லை. எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அட்டை என்று நான் சொல்வது பட்டுத் தறியின் ஜக்கார்டு அட்டை. சேலையின் பார்டரில் மயிலோ மாங்காயோ வர வேண்டுமென்றால், அதற்கேற்பத் துளையிட்ட அட்டைகளைத் தறியின் மேல் கோத்துவிடுவார்கள். டிசைன் பழசாகிவிட்டால் அந்த அட்டைகள் கட்டுக்கட்டாகப் பரணுக்குப் போய்விடும். அப்படிப் பரணிலிருந்து வந்த பதினோரு அட்டைகளின் பின்புறத்தில் பதினோரு கல்லூரிகளின் பெயர்களைக் கறுப்பு மையால் எழுதியிருந்தோம். கோட்டை மைதானத்துக்கு எதிரே இருந்த வாசகசாலையின் வெளிச்சுவரில் ஒரு பலகை. அதில் மேலிருந்து கீழாகப் பதினோரு ஆணிகள். போட்டி நடக்கும் மாதங்களில் ஒவ்வொரு திங்கட்கிழமை மாலையும் நான் ஸ்டூல் போட்டு ஏறி அட்டைகளை இடம் மாற்றி மாட்டுவேன். கீழே ஒரு கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். சாயங்கால வெயில் பலகையில் விழும்போது துளைகளுக்கு நடுவே கல்லூரிப் பெயர்கள் பொத்தல் பொத்தலாகத் தெரியும்.

ஆரணியைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கு இடையே நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திய கால்பந்துப் போட்டி அது. போளூர்ப் பக்கமிருந்து இரண்டு கல்லூரிகள் வரும். வந்தவாசிப் பக்கம் தெள்ளார் வரையிலிருந்தும் பையன்கள் வருவார்கள். பதினோரு அணிகளும் ஒன்றோடொன்று மோத வேண்டுமென்றால் ஐம்பத்தைந்து ஆட்டங்கள் ஆகும். எங்களுக்கு மைதானம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். பிறகு மழை வந்துவிடும், அதற்கும் பிறகு பரீட்சை. அதனால் அணிக்கு ஆறு ஆட்டம் என்று வைத்து, கடைசியில் முதல் நான்கு இடங்களில் இருப்பவர்களை மட்டும் அரையிறுதிக்கு எடுத்தோம். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஓர் அணி மோதும் ஆறு பேர் வேறு, இன்னொரு அணி மோதும் ஆறு பேர் வேறு. நோஞ்சான்களாகப் பார்த்து ஆறு பேரை வென்றவனையும், பலசாலிகள் ஆறு பேரோடு மோதி ஒன்றில் தோற்றவனையும் எந்தத் தராசில் நிறுத்துவது? வெற்றிகளை மட்டும் எண்ணினால் அநியாயம் என்று முதலில் சொன்னவன் நான். கணிதப் பேராசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விதிகளை எழுதும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள்.

எழுதினேன். ஓர் அணி யாரையெல்லாம் வென்றது, அப்படித் தோற்றவர்கள் வேறு யாரை வென்றார்கள், நேருக்கு நேர் மோதியபோது என்ன ஆயிற்று, எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தேன். கடைசி வரியாக, ‘அணியின் இப்போதைய நிலையையும் குழு கருத்தில் கொள்ளலாம்’ என்று சேர்த்தேன். முக்கியமான ஆட்டக்காரன் இல்லாமல் போய்விட்டால், ஜெயித்துக்கொண்டு வந்த அணியும் அரையிறுதியில் நிற்கப்போகிற அணியும் ஒன்றல்லவே என்று அன்று தோன்றியது. அந்த வரியை எழுதியபோது என் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். இளமையில் காவல்துறை அணிக்கு ஆடிய, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர். ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் வேதாகமத்தைக் கையில் பிடித்தபடியே மைதானத்துக்கு வந்துவிடும் மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர். மூன்றாவது நான். வாசகசாலையின் பின்னறையில் கூடுவோம். எனக்கென்று ஒரு தனி விதி உண்டு. மூவரில் நான் மட்டும்தான் போட்டியில் இருக்கும் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தவன். எங்கள் கல்லூரியின் பெயர் பேச்சில் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவர்கள் முடிவெடுத்துவிட்டுக் கூப்பிடும்போதுதான் உள்ளே வரலாம். இந்த விதியையும் நான்தான் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இனி அந்த நண்பரைப் பற்றி. ஊரில் அவரை பி.டி. சார் என்பார்கள். நெசவு வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்காக ஆரணியில் நடந்த சிறிய மாலைக் கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர். களம்பூர்க்காரர். அப்பா அரிசி ஆலை லாரி ஓட்டியவர். ஆள் குட்டை, குரல் பெரிது. பழைய மொபெட்டின் பின்னால் பந்துகளை வலைப்பையில் கட்டிக்கொண்டு வருவார். தூரத்தில் பார்த்தால் யாரோ பூசணிக்காய் விற்க வருவது போலிருக்கும். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை ‘புரொபசர்’ என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லில் பாதி மரியாதையும் பாதி கேலியும் இருக்கும். ஊரில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வியாழக்கிழமைதோறும் மைதானத்து டீக்கடையில் உட்கார்ந்து பேசுவோம். ஆஃப்சைடு விதியை டம்ளர்களையும் பிஸ்கட்டுகளையும் வைத்து எனக்கு விளக்கியவர் அவர்தான். விளக்கி முடித்ததும் எதிரணி முழுவதையும் எடுத்துத் தின்றுவிடுவார்.

திங்கட்கிழமைகளில் பலகையைப் பார்க்க வரும்போது அவர் எப்போதும் கீழிருந்துதான் படிப்பார். பதினோராவது ஆணியில் ஆரம்பித்து, விரலை நீட்டி ஒவ்வொன்றாக மேலே போவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“மேல இருந்து படிச்சா ஆசை வரும் புரொபசர். கீழ இருந்து படிச்சிப் பாருங்க. நம்ம பேரு இன்னும் வரல, இன்னும் வரலன்னு ஒவ்வொரு ஆணிக்கும் மனசு குளுந்துகினே போவும்.”

அவருடைய பையன்கள் விடியற்காலையில் பயிற்சி எடுப்பார்கள், பகல் முழுவதும் தறியில் உட்காருவார்கள், மாலையில் வகுப்புக்குப் போவார்கள். களைத்துவிட மாட்டார்களா என்று கேட்டதற்கு, “எட்டு மணி நேரம் தறி மிதிக்கிற காலு, தொண்ணூறு நிமிஷம் ஓடாதா?” என்றார். ஓடின. அந்த ஆண்டு ஆறு ஆட்டங்களிலும் அவர்கள் வென்றார்கள். பதினோரு அணிகளில் ஒரு தோல்வியும் இல்லாத அணி அது ஒன்றுதான். ஆனால் மோதியவர்களில் நான்கு பேர் பலகையின் கீழ்ப்பாதியில் இருந்தவர்கள். எங்கள் கல்லூரி ஒன்றில் தோற்றிருந்தது. எங்களோடு மோதியவர்கள் பெரிய ஆட்கள். முதல் மூன்று இடங்கள் முடிவாகிவிட்டன. நான்காவது ஆணிக்கு மாலைக் கல்லூரியா, எங்கள் கல்லூரியா என்பதுதான் மிச்சம். இன்ஸ்பெக்டர், “தோக்காதவன வெளிய நிறுத்திட்டு நான் பஜார்ல எப்படிங்க நடக்கறது?” என்பார். தலைமையாசிரியர், “தோற்காதவன் யாரோட ஆடினான்னு பாருங்க” என்பார். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் இன்ஸ்பெக்டர் பக்கமே சாய்ந்து, மாலைக் கல்லூரி நான்காவது ஆணியில் நின்றது. கடைசிப் பட்டியலுக்கு ஒரு வாரம் இருந்தது.

அந்த வார வியாழக்கிழமை பி.டி. சார் டீ சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் குரலைத் தணித்தார்.

“ஒண்ணு கேக்கணும் புரொபசர். ஃப்ரெண்டா கேக்கறேன். கமிட்டியா நெனச்சிக் கேக்கல.”

கேளுங்கள் என்றேன்.

“நம்ம கீப்பரு கடைசி மேட்ச்ல போஸ்ட்ல கைய இடிச்சிகினான். மணிக்கட்டு எலும்புல கீறல் விட்டிருக்குதாம். வைத்தியரு கட்டு போட்டுட்டு மூணு வாரம்ன்றாரு. செமிஃபைனலுக்கு அதுக்குள்ள சரியாப்பூடும். இத நான் கமிட்டிக்கு சொல்லணுமா?”

நான் சற்று யோசித்தேன். விதியை எழுதியவன் என்ற முறையில் யோசித்தேன். “நீங்களா போய்ச் சொல்லணும்னு விதியில இல்ல. சொல்ல வேண்டாம்” என்றேன். அது நேர்மையான பதில்தான். அவர் முகம் தெளிந்துவிட்டது. இரண்டு டீ சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார்.

“அவன் தறி நின்னுச்சின்னா தெருவே கேக்கும், இன்னாடா சத்தத்த காணோம்னு. அதுக்கோசரம் அவங்க அக்காவ உக்கார வெச்சிகிறோம். பையன் உள் ரூம்ல கெடக்கறான். பேஜாரு இன்னான்னா, இவன விட அந்தப் பொண்ணு ஜல்தியா நெய்யுது. ‘இன்னாப்பா இந்த வாரம் கை வேகமா ஓடுது’ன்னு பக்கத்து வீட்டுல கேட்டுட்டாங்களாம்.”

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன்.

“எனக்கு. அவன் வீட்டுக்கு. ரெண்டாவது கீப்பருக்கு. அவனும் அதே தெரு, நாலு வூடு தள்ளி. எதுக்கும் அவன தயார் பண்ணி வெக்கணுமே. இப்போ உங்களுக்கு.”

நெசவுத் தெருவில் பிறந்து வளராதவர்களுக்கு இது விளங்காது. அங்கே ஒவ்வொரு வீட்டுத் தறிக்கும் ஒரு நடை உண்டு. சத்தம் நின்றால் சாவா, சண்டையா, காய்ச்சலா என்று அக்கம்பக்கம் விசாரிக்கும். ஓர் அணியின் இடத்தைக் காப்பாற்ற ஒரு பெண் தன் தம்பியின் தறியில் உட்கார்ந்து, சத்தம் நிற்காமல் பார்த்துக்கொண்டாள். இதைக் கேட்டு நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

மறுநாள் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. “கமிட்டியில உக்காந்துகினு நம்ம காலேஜ நாலாவதுக்குக்கூட கொண்டாற முடியலன்னா, சார் அங்க காஜா பட்டன் வேலையா பாக்கறாரு?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதல்வரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் புள்ளிக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். கணக்குப்படி எங்கள் கல்லூரிதான் ஒரு நூலிழை மேலே. இன்ஸ்பெக்டரின் வாய்ச்சொல்லுக்கு முன்னால் என் கணக்கு ஒவ்வொரு வாரமும் தோற்றுக்கொண்டிருந்தது எனக்கு உறுத்தியது. வேறு பெரிய காரணம் எதையும் இப்போது தேடிக் கண்டுபிடிக்க விரும்பவில்லை. இவ்வளவு சின்னக் காரணத்துக்காகத்தான் செய்தேன்.

திங்கட்கிழமை பின்னறையில் உட்கார்ந்ததும் மாலைக் கல்லூரியின் பெயர் வந்தது. அது என் கல்லூரி அல்ல, ஆகவே நான் எழுந்து போக வேண்டியதில்லை. “அவங்க கீப்பர் ஆடுற நிலையில இல்லைன்னு கேள்விப்பட்டேன். அவன் தறியில அவங்க அக்கா உக்காந்திருக்காங்களாம். ஒரு நடை போய்ப் பார்த்தா தெரிஞ்சுடும்” என்றேன். இன்ஸ்பெக்டர் ஸ்கூட்டரில் போனார். கால் மணி நேரத்தில் திரும்பிவந்தார். “பொண்ணுதான் நெய்யுது. பையன் கையில கட்டு” என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்து எங்கள் கல்லூரியின் பெயர் வந்தது. நான் எழுந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவில் போய் நின்றேன். விதியில் ஓர் எழுத்தைக்கூட நான் மீறவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, போக வேண்டிய நேரத்தில் வெளியே போனேன். பத்து நிமிடம் கழித்துத் தலைமையாசிரியர் கதவைத் திறந்து, “வாங்க சார்” என்றார். இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்க்காமல், “மனசு ஒப்பல. ஆனா விதின்னு எழுதி வெச்சிகிறோமே” என்றார்.

ஸ்டூலில் ஏறி அட்டைகளை மாட்டினேன். இறங்கும்போது பி.டி. சார் வந்து நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போலப் பதினோராவது ஆணியிலிருந்து விரலை நீட்டிப் படித்தார். பத்து, ஒன்பது, எட்டு. ஏழாவதைத் தாண்டியதும் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு. ஐந்தாவதில் விரல் நின்றது. அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. நான்காவதில் எந்தப் பெயர் தொங்கியது என்று பார்க்கக்கூட இல்லை. விரலை மடக்கிக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். “சரி புரொபசர், விதி இருக்குதே” என்றார். என்னைத்தான் தேற்றினார். நண்பனின் அணிக்கு எதிரான முடிவை மாட்ட வேண்டி வந்ததே என்று நான் வருந்துவதாக நினைத்துக்கொண்டார்.

மழையால் அரையிறுதி மேலும் இரண்டு வாரம் தள்ளிப்போனது. எங்கள் கல்லூரி முதலிடத்து அணியிடம் நான்கு கோல் வாங்கி, ஒன்றும் போடாமல் தோற்றது. இடைவேளைக்குச் சற்று முன் ஒரு பந்து எங்கள் கோல்கம்பத்துக்கு மேலே பறந்தது. பின்னால் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு பையன் எகிறி, இரண்டு கையாலும் அதைப் பிடித்து உள்ளே வீசினான். மாலைக் கல்லூரியின் கீப்பர். கையில் கட்டு இல்லை. அவனைச் சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அன்று மைதானத்தில் கேட்ட பெரிய கைதட்டல் அதுதான்.

அடுத்த வியாழக்கிழமை டீக்கடையில் பி.டி. சார் சொன்னார்: “கமிட்டிக்கு போட்டுக் குடுத்தது யாருன்னு கண்டுபுடிச்சிட்டேன். ரெண்டாவது கீப்பருதான். தான் நிக்கப்போறோம்னு தெருவுல பீத்திகினு இருந்திருப்பான். கேட்டா ‘நான் இல்ல சார், நான் இல்ல சார்’ன்றான். என் மூஞ்சில முழிக்காதன்னுட்டேன்.” என் கையிலிருந்த பிஸ்கட் ஊறி, டீக்குள் விழுந்தது. ஸ்பூன் வாங்கி அதைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். அட்டையை மாற்றியதைவிடப் பெரிய தவறு, அந்த ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்ததுதான். அந்தப் பையன் அணியைவிட்டுப் போனான். சில மாதங்களில் படிப்பையும் விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போட்டியும் பிறகு நின்றுபோனது. வாசகசாலையைப் புதுப்பித்தபோது பலகையைக் கழற்றிப் போட்டார்கள். மாலைக் கல்லூரியின் அட்டையை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று அன்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. பி.டி. சார் போளூரில் ஒரு பள்ளிக்கு மாறிப் போனார். நட்பு போகவில்லை. என் மனைவி வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் போளூரிலிருந்து ரயிலேறி வந்து எனக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனார். டிபன் கேரியரைத் திறந்து வைத்துவிட்டு, “சாப்புடுங்க புரொபசர்” என்பார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைப்பேன். சோற்றை விழுங்குவேன், சொல்லையும் விழுங்குவேன்.

போன குளிர்காலத்தில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே கால்பந்து என்றால் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஞாயிற்றுக்கிழமை பகலில் மருமகன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள். எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. அதனால் ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து வாராவாரம் வரிசைப்படுத்தி, கடைசியில் பிளேஆஃப் என்கிற இறுதிச் சுற்றில் யார் ஆடுவது என்று அறிவிக்கிறதாம். யாரை வென்றார்கள், தோற்றவர்கள் எப்படிப்பட்டவர்கள், நேருக்கு நேர் என்ன ஆயிற்று. அவர் அடுக்கிக்கொண்டே போக, என் நோட்டுப் புத்தகத்தை யாரோ எனக்கே படித்துக்காட்டுவது போலிருந்தது. “கமிட்டியில இருக்கறவரு எந்தக் காலேஜ்ல சம்பளம் வாங்கறாரோ, அந்தக் காலேஜ் பேரு வந்தா எழுந்து வெளிய போயிடணும் மாமா. அவ்ளோ ஸ்ட்ரிக்ட்” என்றார். பிறகு, “அப்படியும் ஒரு வருஷம் எல்லா மேட்சும் ஜெயிச்ச டீமையே விட்டுட்டாங்க. மெயின் ப்ளேயருக்குக் கால் அடிபட்டுப்போச்சுன்னு. நீங்க கணக்கு ஆளாச்சே, அது நியாயமா, சொல்லுங்க” என்றார். திரையில் அந்த வருஷத்துக் காட்சியைப் போட்டார்கள். ஒரு கூடம். ஓர் அணி முழுவதும் நாற்காலிகளில் உட்கார்ந்து தங்கள் பெயருக்காகக் காத்திருந்தது. பெயர் வரவில்லை. அவர்களுடைய பயிற்சியாளர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் பையன்கள் பக்கம் திரும்பினார். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நான் காபி டம்ளரைக் கழுவ எழுந்து போய், வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போளூருக்கு பஸ் ஏறினேன். பி.டி. சார் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, மடியில் முறம் வைத்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. “அமெரிக்காவுல டீ எப்படி புரொபசர், நம்ம மைதானத்து டீ மாரி இருக்குமா?” என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிரியர் அறைச் சிரிப்பிலிருந்து, டீக்குள் விழுந்த பிஸ்கட் வரை. அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. தோல் ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமுமாக விழுந்துகொண்டேயிருந்தது. நான் முடித்ததும் கையிலிருந்த கடலையை உரிக்காமல் முறத்தில் போட்டார்.

“அப்போ அந்தப் பையன் சொல்லல” என்றார்.

“சொல்லல.”

“என் அப்பன் செத்ததுக்கு வந்தான். களம்பூர்ல. மாலை போட்டுட்டு என்னாண்ட வந்து நின்னான். நான் மூஞ்ச திருப்பிகினேன்.”

போட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முறத்தைக் கீழே வைத்தார். மடியைத் தட்டிவிட்டு எழுந்தார். செருப்பைக் காலால் தேடினார்.

“வாங்க. போலாம். அவன் களம்பூர் அரிசி மில்லுல எடை மேடையில இருக்கறான். நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா சரியா வராது.”

களம்பூர் வரை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனோம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நெல் லாரிகளை எடை போடும் அறை மிகச் சிறியது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு காலண்டர், இரண்டு நாற்காலி. உள்ளே இருந்தவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். அகன்ற தோள். காதோரம் நரை. பி.டி. சாரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கால்சட்டைப் பையிலிருந்த கைகளை வெளியே எடுத்துக்கொண்டார், மைதானத்தில் நிற்பது போல. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. “ஒரு நிமிஷம் இருப்பா” என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

நான் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது சுலபம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர் முழுவதையும் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை, பி.டி. சாரைப் பார்த்தார்.

“நான் இல்லன்னு அப்பவே சொன்னேனே சார்.”

“சொன்னடா. நான் கேக்கல.”

“மூணு வாட்டி வூட்டாண்ட வந்து சொன்னேன்.”

“ஆமாம். மூணு வாட்டி.”

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டேன். என்னால்தான் படிப்பையும் விட்டீர்களா என்று கேட்டேன். “படிப்ப விட்டது அதுக்காக இல்லிங்க. அப்பாவுக்குக் கண்ணு போச்சு, தறிக்கு ஆள் வேணும். பந்த விட்டதுதான் அதுக்காக” என்றார். கோபமில்லாமல், எடைச் சீட்டைப் படிப்பது போலச் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. அவர் பொருட்படுத்தவில்லை.

“அந்த செமிஃபைனல்ல உங்க காலேஜு எத்தினி கோல் வாங்கிச்சி?”

“நாலு.”

“எனக்குத் தெரியும். பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன்.” இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். “மூணாவதும் நாலாவதும் கீப்பர் தப்பு. கைய முன்னாடியே தூக்கிட்டான். நான் நின்னிருந்தா ரெண்டோட முடிஞ்சிருக்கும்.”

“பீத்திக்காத” என்றார் பி.டி. சார். “மூணு உன்னைத் தாண்டிப் போயிருக்கும். எடது பக்கம் கீழ வர பந்து உனக்கு எப்பவும் வராது.”

“அது அந்த வருஷத்துக்கு முன்னாடி சார். அதத்தான் நீங்க சரி பண்ணிட்டீங்களே.”

இருவரும் இடது பக்கம் கீழே வரும் பந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பி.டி. சார் முழங்கால் வலியை மறந்து, பாதி குனிந்து ஏதோ காட்டினார். லாரி டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, இது முடியாது என்று பீடி பற்ற வைத்துக்கொண்டார். நான் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பி.டி. சார் இப்போது வாரத்தில் இரண்டு நாள் களம்பூருக்குப் போகிறார். எடை மேடை அறையில் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. என்னோடு அவர் பேச்சை நிறுத்தவில்லை. போன் செய்தால் எடுக்கிறார். உடம்பு எப்படி என்று கேட்கிறார். ஆனால் அன்றைக்குக் களம்பூர் பஸ் நிறுத்தத்தில் ஆரணி பஸ் வந்ததும், “பாத்து ஏறுங்க சார்” என்றார். அன்றிலிருந்து ‘சார்’தான். புரொபசர் என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. வேண்டுமென்று செய்கிறாரா, அவருக்கே தெரியாமல் மாறிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

அட்டையை முதல் நாள் பையிலிருந்து எடுக்கவே தைரியம் வரவில்லை. போன மாதம் மறுபடி களம்பூருக்குப் போனபோதுதான் எடுத்தேன். இருவரும் இருந்தார்கள். மை மங்கியிருந்தாலும் மாலைக் கல்லூரியின் பெயரைப் படிக்க முடிந்தது. எடை மேடைக்காரர் அதை வாங்கி, துளைகளுக்குள் வெளிச்சத்தைப் பார்த்தார். “எங்க அப்பா நெய்ஞ்ச பார்டரு மாரி இருக்குது” என்றார். சுவரில் காலண்டர் தொங்கிய ஆணி ஒன்றுதான் இருந்தது. அவர் காலண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் பழக்கத்தில் அட்டையைக் கையில் வாங்கி, நாற்காலியை ஆணிக்குக் கீழே இழுத்தேன்.

“இருங்க சார். அதக் குடுங்க” என்றார் பி.டி. சார்.

கொடுத்தேன். அந்த முழங்காலோடு நாற்காலியில் ஏறினார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டோம். அவரே மாட்டினார். இறங்கி நின்று, விரலை நீட்டி, கீழே தரையிலிருந்து வெற்றுச் சுவரில் ஒவ்வொரு சாணாக மேலே போனார். வரவில்லை, இன்னும் வரவில்லை என்று அவர் உதடு அசைவது தெரிந்தது. அட்டை வந்ததும் விரல் நின்றது. அதற்கு மேலே ஆணி எதுவும் இல்லை.